டிரைவர் இல்லாத லாரிக்குக் கொடி பிடித்தவர்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரே ‘ஹாரன்’ என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று டிரைவிங் லைசென்சில் இருக்கிறது. அதைப் போலீஸ்காரர்கள் மட்டும் அவ்வப்போது வாங்கிப் படித்துப் பார்த்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். முன்னால் ஒரு காக்கை போனாலும் ஹாரன், ஒன்றுமே போகாவிட்டாலும் ஹாரன். வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த வேலையை வாய் எடுத்துக்கொள்ளும்.

நான் அவருடைய மச்சினி. சாலைப் பராமரிப்புப் பிரிவில் ரோடு ரோலர் ஓட்டுகிறேன். அந்த ஒரு காரணத்துக்காக மாமா என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. “லாரில ஒரு தூக்கம் போட்டு எழுந்தா அடுத்த ஊர் வந்துரும். உன் வண்டில ஒரு தூக்கம் போட்டு எழுந்தா அதே மைல்கல்தான் நிக்கும்” என்பார். “அப்ப லாரியத் தூங்கிக்கிட்டேதான் ஓட்டினீங்களா?” என்று அக்கா உள்ளேயிருந்து கேட்பாள். மாமா உடனே வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அப்படிப்பட்டவரின் பிழைப்பில்தான் ஒருநாள் மண் விழுந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனி டிரைவரே இல்லாத லாரிகளை இறக்கியது. ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினார்கள், ‘மனிதத் தவறு இல்லாத போக்குவரத்து’ என்று லாரிக்கு லாரி கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார்கள். மனிதத் தவறான எங்கள் மாமாவை மேடைக்கு அழைத்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலையில்லாதவனுக்கு நேரம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு கருவி வேண்டாமா? கம்பெனிக்குத்தான் எவ்வளவு முன்யோசனை.

இந்த லாரிகள் தனியாகப் போகாது. எட்டெட்டாகச் சேர்ந்துதான் போகும். முன்னால் போகும் லாரி என்ன செய்கிறதோ அதையே பின்னால் வரும் ஏழும் செய்யும். ஒன்றின் வாலில் அடுத்ததன் மூக்கு உரசும் அளவுக்கு நெருக்கம். அப்படிப் போனால் காற்றுத் தடை குறையுமாம், டீசல் மிச்சமாம். டீசல் மிச்சம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ரோடுதான் மிச்சமில்லாமல் போயிற்று.

ஏனென்றால், மனுஷன் ஓட்டும்போது ஒருத்தன் கொட்டாவி விட்டுக்கொண்டு இடப்பக்கம் சாய்வான். இன்னொருத்தன் டீக்கடையைத் தேடிக்கொண்டு வலப்பக்கம் ஒதுங்குவான். மாமா மாதிரி ஆட்கள் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டே இரண்டு பக்கமும் போவார்கள். சக்கரம் ரோடு முழுக்க மேயும். அந்தக் கோணல்மாணலில்தான் ரோடு இத்தனை வருஷம் பிழைத்துக் கிடந்தது. இந்த அறிவாளி லாரிகளுக்குக் கோணல் என்றாலே என்னவென்று தெரியாது. முதல் லாரியின் சக்கரம் எங்கே பட்டதோ அங்கேதான் எட்டாவது லாரியின் சக்கரமும் படும். நாளைக்கு வரும் லாரியும் அங்கேதான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ரோட்டில் இரண்டு வாய்க்கால் விழுந்துவிட்டது. மீன் வளர்க்கலாம்.

நான் அதில் தாரும் ஜல்லியும் கொட்டி ரோலரால் அழுத்தி மட்டமாக்குவேன். தார் ஆறி முடிந்ததும் அவை வரிசையாக வந்து மறுபடியும் அமுக்கிப் பள்ளமாக்கும். நான் நிரப்ப, அவை தோண்ட, ஊரில் வேலை நிரந்தரமான ஒரே ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது. “உனக்கு மட்டும் நல்ல காலம் பொறந்துடுச்சு” என்று மாமா பெருமூச்சு விட்டார்.

ரோடாவது பரவாயில்லை, பள்ளம் விழுந்தால் நான் இருக்கிறேன். ஊர் எல்லையில் ஆற்றுப் பாலம் ஒன்று இருக்கிறது. கட்டியவர்கள் லாரி போகும் என்று நினைத்துத்தான் கட்டினார்கள். ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போகும் என்று நினைத்தார்கள். எட்டும் ஒட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் ஏறி உட்காரும் என்று அந்தப் புண்ணியவான்கள் கனவு கண்டார்களா? லாரிக் கூட்டம் ஏறினால் பாலம் கால் ஆடும் கட்டில் மாதிரி ஆடும். பாலமும் ரோடும் சேரும் இடத்தில் ஒரு இரும்புப் பட்டை பதித்திருப்பார்கள். அது அடி வாங்கி அடி வாங்கி ஒருநாள் பெயர்ந்து நிமிர்ந்துகொண்டது. சைக்கிளில் வந்த ஒருத்தர் அதில் தடுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். சைக்கிள்காரர் கீழே பார்த்து ஓட்டாததுதான் காரணம், அது மனிதத் தவறு என்று கம்பெனி அறிக்கை விட்டது. நல்லா இருக்கு நியாயம்!

பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் மேடம் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பாலத்தின் மேல் ஒரு நேரத்தில் இரண்டு லாரிக்கு மேல் ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டார். கம்பெனி பணிவோடு ஏற்றுக்கொண்டது. ஆனால் லாரியின் மூளையில் அதை எழுதுவதற்குத் தலைமை அலுவலகம் அனுமதி தரவேண்டுமாம். தலைமை அலுவலகம் கடல் கடந்து இருக்கிறதாம். அங்கே ஒரு குழு இருக்கிறதாம். குழு கூடவேண்டுமாம். அதுவரைக்கும்?

அதுவரைக்கும் ஒரு வழி இருந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு ஆள் சிவப்புக் கொடியைத் தூக்கினால் லாரி நிற்கும், இறக்கினால் போகும். அந்த அறிவு மட்டும் அதற்குப் பிறவியிலேயே இருந்தது. எனவே பாலத்து முனையில் ஒரு ஆளை நிறுத்த முடிவு செய்தார்கள். அதாவது, கோடி கோடியாகக் கொட்டி லாரிக்குள் இருந்த ஆளை இறக்கிவிட்டு, அதே லாரியைப் போகவைக்க வெளியே ஒரு ஆளைத் தேடினார்கள். இதற்கெல்லாம் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த நேரத்தில் மாமா வீட்டில் இருந்தார். இருந்தார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், அக்காவைக் கேட்டால்தான் தெரியும். அடுக்களை டப்பாக்களை எல்லாம் லோடு ஏற்றுவது மாதிரி பெரியது கீழே, சின்னது மேலே என்று அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்தார். உப்பு எடுக்கவேண்டும் என்றால் கயிற்றை அவிழ்க்கவேண்டும். குக்கர் விசில் அடித்தால், “ஹாரன் சரியில்ல, மாத்தணும்” என்பார். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், “எங்கயாவது போய் நில்லுங்களேன்!” என்று கத்தினாள். அந்த வாய்க்கு என்ன சக்தியோ, போய் நிற்கிற வேலையே கிடைத்துவிட்டது.

அக்கம்பக்கத்தில் எல்லாம் ‘பாலக் கட்டுப்பாட்டு அதிகாரி’ என்று சொல்லிக்கொண்டார். அக்காவுக்கோ மானம் போயிற்று. அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். இஸ்திரி பகுதிக்கே அவள்தான் தலைவி. அவளுடைய பஸ் அதுவரைக்கும் லாரிக் கூட்டம் ஓடாத நேரத்தில்தான் போய் வந்தது, மாமா கொடி பிடிக்கப் போன வாரம்தான் நேரம் மாறியது. தினமும் ஆஸ்பத்திரியின் நீல பஸ்ஸில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், வேறு வழி கிடையாது. கூட வேலை பார்ப்பவர்கள் ஜன்னல் வழியாக, “உங்க வீட்டுக்காரர் கொடியோட நிக்கறாரு பாருங்க” என்று சொல்லிவிடப் போகிறார்களே என்று நடைவழிப் பக்க சீட்டில் உட்கார்ந்துகொள்வாள்.

இன்னொரு காரணமும் உண்டு. அக்காவுக்குத் தண்ணீர் என்றால் குலை நடுங்கும். சின்ன வயதில் தொட்டியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வாளி நிறையத் தண்ணீர் இருந்தால்கூட ஒரு அடி தள்ளித்தான் நிற்பாள். அவளுக்கு வேலை கிடைத்த இடத்தைப் பாருங்கள். நல்லவேளை, இஸ்திரிக்கு வந்துவிட்டாள். ஆகவே பஸ்ஸில் ஆற்றுப் பக்கமும் பார்க்கமாட்டாள், புருஷன் நிற்கும் பக்கமும் பார்க்கமாட்டாள். முன்சீட்டுக்காரரின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே ஆற்றைக் கடப்பாள்.

“பாலம் ஆடுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கென்னவோ ஆடின மாதிரியே தெரியல” என்று ஒருநாள் சொன்னாள். “ஆனா ஒண்ணு. என்னைக்காவது என் காலுக்குக் கீழ ஆடுச்சு, அன்னிக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்.”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்தார். அந்த வேலை போனால் வீடு ஓடாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். பாலம் ஏன் ஆடவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

பாலத்துக்குப் பக்கத்தில் ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தேன். லாரிகளை இரண்டிரண்டாக விடவேண்டும் என்பதுதான் மாமாவுக்கு உத்தரவு. மற்ற நேரமெல்லாம் அப்படித்தான் விடுவார். நீல பஸ் திருப்பத்தில் தலை காட்டியதும் கொடியைத் தூக்கியவர் தூக்கியபடியே நிற்பார். ஒரு லாரியைக்கூட விடமாட்டார். பஸ் அக்கரைக்குப் போய், கடைசிச் சக்கரமும் ரோட்டைத் தொட்ட பிறகுதான் கை இறங்கும். காலையில் ஒருமுறை, சாயந்தரம் ஒருமுறை. அதற்குள் பின்னால் கிடக்கும் வரிசை மைல் கணக்கில் நீண்டுவிடும்.

எனக்கே சந்தேகம் வந்து இன்ஜினியர் மேடத்திடம் கேட்டேன். “ரெண்டு லாரியும் ஒரு பஸ்ஸும் சேர்ந்து போகலாம்மா. பாலம் ஆடும், ஆனா தாங்கும். கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்” என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மாமாவிடம் போய்ச் சொன்னேன்.

“தாங்கும்னு எனக்கும் தெரியும்” என்றார் மாமா. “உள்ள உக்காந்திருக்கறவளுக்கு அது எப்படித் தெரியும்? ஆடினா பயந்து செத்துருவா. நீ வாயத் தொறந்து அவகிட்ட சொல்லித் தொலைக்காத.”

ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவர் அன்றைக்கு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார். “சரி சரி, வெயில் ஏறுது, ஓரமா நில்லுங்க” என்று சொல்லிவிட்டு ரோலரைக் கிளப்பினேன்.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா?

கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கையில் எந்நேரமும் ஒரு டேப்லெட் வைத்திருப்பார், அதனால் டேப்லெட்காரர் என்றுதான் எங்களுக்கு அவரைத் தெரியும். “சார், தினமும் காலைலயும் சாயந்தரமும் இந்த இடத்துல லாரிங்க ரொம்ப நேரம் நிக்குதே, ஏன்?” என்று கேட்டார்.

மாமா திருதிருவென்று விழித்தார். “அது வந்து... ஆத்துக் காத்து தம்பி. அந்த நேரத்துக்கு பலமா அடிக்கும்” என்றார். டேப்லெட்காரர் காற்றைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு இலைகூட அசையவில்லை. பேச்சை மாற்றியாக வேண்டும். மாமாவுக்குத் தெரிந்த ஒரே வழி பெருமையடிப்பது.

“அத விடுங்க தம்பி. உங்க லாரிங்க என்னைக் கண்டா எப்படி அடங்குது தெரியுமா? முதல்ல எல்லாம் கொடியத் தூக்கினாத்தான் நிக்கும். இப்ப கொடியே வேண்டாம். நான் நின்னாலே போதும். மரியாதை!”

சொன்னதோடு விட்டாரா? கொடியை அக்குளில் செருகிக்கொண்டு முதுகைச் சொறிந்தபடி நின்று காட்டினார். வந்த கூட்டம் அவரைப் பார்த்ததும் வேகம் குறைந்து நின்றது. பிறகு யாரும் சொல்லாமலே இரண்டிரண்டாகப் பாலம் ஏறியது. அத்தனை மாதமாகத் தினமும் பார்த்துப் பார்த்து அவை தாமாகவே கற்றுக்கொண்டிருந்தன. இந்த இடம், இந்தக் கம்பம், இந்த ஆரஞ்சு ஜாக்கெட், இந்தத் தொப்பை. இதைக் கண்டால் நின்று இரண்டிரண்டாகப் போகவேண்டும். அதை மாமா மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

டேப்லெட்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “சார், இன்னொரு தடவை நில்லுங்க” என்றார். முன்னாலிருந்து படம் எடுத்தார், பக்கவாட்டில் எடுத்தார். மாமா மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்தார். “வேண்டாம் சார், எப்பவும் போல விட்டுருங்க” என்றார் அவர். கம்பெனிப் பத்திரிகையில் தன் படம் வரப்போகிறது என்று மாமா அன்றைக்கு வீட்டில் ஒரே கூத்து. “உங்க மூஞ்சியப் பாத்தா லாரி நிக்காம வேற என்ன செய்யும்?” என்றாள் அக்கா.

படம் வந்தது. பத்திரிகையில் இல்லை, பலகையில் வந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, பாலத்து முனையில் மாமாவின் ஆளுயர கட்-அவுட் நின்றது. பலகையில் அறுத்து, படம் ஒட்டி, ஆரஞ்சு ஜாக்கெட், அக்குளில் கொடி, தொப்பை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. நடிகர்களுக்கும் தலைவர்களுக்கும் கட்-அவுட் வைத்தால் அவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் மாமாவுக்கு வைத்தார்கள், வேலை போயிற்று. லாரியின் மூளையை மாற்றத்தான் குழு கூடவேண்டும். மனுஷனை மாற்றுவதற்குப் பலகை அறுக்கும் ஆசாரி ஒருத்தர் போதும்.

சேவையைப் பாராட்டி இன்னொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டில் இப்போது இரண்டு கடிகாரம். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டின.

மாமா திட்டுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் ரோலர் பக்கம் வந்து அந்தக் கட்-அவுட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “அவனுக்கு நீல பஸ் தெரியாதேம்மா” என்றார். பிறகு, “பஸ் வர்ற நேரத்துக்கு உன் ரோலரைக் குறுக்க நிறுத்திவைக்க முடியுமா?” என்று கேட்டார்.

“என் வேலையும் போயிடும் மாமா.”

“ஆமா, போயிடும்” என்று தலையாட்டிவிட்டு நடந்து போனார். ரோட்டில் நடந்து போகும் மாமாவை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் நீல பஸ் பாலத்தில் ஏறியது. கூடவே இரண்டு லாரிகள் கட்-அவுட்டுக்கு வணக்கம் வைத்துவிட்டு ஏறின. மேடம் சொன்னபடியே பாலம் ஆடியது, மேடம் சொன்னபடியே தாங்கியது. சாயந்தரமும் அதே கதை. ரோலரை நிறுத்திவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

மாமா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அக்கா உள்ளே வந்து பையைக் கீழே போட்டாள். முகம் வெளுத்துக் கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பாலம் ஆடுச்சு” என்றாள்.

“பாலம்னா ஆடத்தான் செய்யும்” என்றார் மாமா, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

“இத்தனை மாசமா ஆடலையே. டவுன் பஸ்ல வர்றவ ஒருத்தி இந்தப் பாலத்துக்குப் பயந்துக்கிட்டே வேலைய விட்டுட்டுப் போனா. பயந்தாங்கொள்ளின்னு அவளை நான் கேலி பண்ணினேன். அவளுக்கு ஆடின பாலம் எனக்கு மட்டும் ஏன் ஆடல?”

“காத்து...” என்று ஆரம்பித்தார் மாமா.

“காத்தாம் காத்து! யார் காதுல பூ சுத்தறீங்க?” அக்கா எழுந்துவிட்டாள். “நீங்க அங்க நின்ன வரைக்கும் ஆடல. நீங்க போனதும் ஆடுது. என்ன பண்ணிட்டிருந்தீங்க அங்க?”

ஹாரன் வெங்காயத்தை இன்னும் பொடியாக அரிந்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் மட்டும் என்ன கல்லா? “உன் பஸ் தாண்டுற வரைக்கும் ஒரு லாரியையும் விடமாட்டாரு அக்கா. தினமும். ரெண்டு வேளையும்” என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அக்கா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் இரண்டு கடிகாரமும் ஆளுக்கொரு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. “நான் உங்களை ஒருநாள்கூடத் திரும்பிப் பாக்கலையே” என்றாள். குரல் உடைந்துவிட்டது. அழுதாள். மாமா வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன் என்றுதான் அடுத்துச் சொல்வாள் என்று நான் நினைத்தேன். அவள் உள்ளே போய் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தாள். கம்பெனி திருப்பிக் கேட்க மறந்துபோனது. ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

“காலைல பஸ் நேரத்துக்குப் போங்க. போய் நில்லுங்க” என்றாள்.

“சம்பளம் கிடையாதேடி.”

“நான் சம்பளம் கேட்டேனா?”

“அங்கதான் ஒருத்தன் நிக்கறானே.”

“அவன் என்ன என் புருஷனா?” என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் மாமா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்த் தன் கட்-அவுட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். கொடிகூட இல்லை, அதை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். லாரிக் கூட்டம் வந்தது. ஒரு மாமாவைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று அதற்குத் தெரியும். இரண்டு மாமாவைக் கண்டால்? அப்படியே நின்றது. இரண்டிரண்டாகவும் நகரவில்லை, ஒன்றாகவும் நகரவில்லை. முதல் லாரி விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி விழித்தது.

டேப்லெட்காரர் எங்கிருந்தோ மூச்சு வாங்க ஓடிவந்தார். “சார், சார், ரெண்டு பேர் நின்னா என்ன பண்றதுன்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. தலைமை அலுவலகத்துல அனுமதி வாங்கணும்!”

“வாங்குங்க, நிதானமா வாங்குங்க. குழு கூடட்டும்” என்றேன் நான், ரோலர் மேலிருந்து.

“நீங்க இங்க வேலை பாக்கக்கூடாது சார்!”

“வேலை பாக்கறவன் அவன் தம்பி” என்று பலகையைக் காட்டினார் மாமா. “நான் பொண்டாட்டிய வழியனுப்ப வந்திருக்கேன். பஸ் போனதும் போயிடுவேன்.”

நீல பஸ் திருப்பத்தில் வந்தது. அக்கா ஜன்னல் சீட்டில் இருந்தாள், ஆற்றுப் பக்கம், மாமா நிற்கும் பக்கம். இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் யாருடைய பின்மண்டையையும் பார்க்கவில்லை. பஸ் மாமாவை நெருங்கியதும் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து வெளியே நீட்டி ஆட்டினாள்.

பாலம் ஆடவில்லை. எட்டு லாரிகளும் வாயில்லாமல் நின்றுகொண்டிருந்தன. எங்கள் மாமா கையைக் குவித்து வாயில் வைத்து, பஸ் அக்கரை போய்ச் சேரும்வரை, ஆறு முழுக்கக் கேட்கிற மாதிரி ஹாரன் அடித்தார்.